நின்ற இடமும் லென்ஸும்: காவிரி டெல்டாவில் படம் எடுக்கக் கற்க ஒரு முழு வழிகாட்டி

ஞாயிற்றுக்கிழமை விடியலில் கும்பகோணத்திலிருந்து கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்பும் ஏழெட்டுப் பேரில் நானும் ஒருவன். யாருக்கும் இது தொழில் இல்லை. பாத்திரக்கடை வைத்திருப்பவர், பள்ளி ஆசிரியர், கல்லூரிப் பையன்கள் இரண்டு பேர், வங்கி வேலையில் ஓய்வு பெற்ற ஒரு மாமா, இப்படி ஒரு கூட்டம். சுற்றி முடித்ததும் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அன்றைக்கு எடுத்ததை ஒருவருக்கொருவர் காட்டுவோம். முதல் ஆறு மாதம் அந்தப் பேச்சு இரண்டு வாக்கியத்தைத் தாண்டவில்லை: "சூப்பரா இருக்கு", "எந்த லென்ஸ்?" ஒருநாள் மாமா வேறு மாதிரி கேட்டார்: "எங்கப்பா நின்னு எடுத்த?" நாங்கள் உருப்படியாகக் கற்க ஆரம்பித்தது அன்றைக்குத்தான்.

ஒரு படத்தில் எது பெரிதாக, எது சிறிதாக, எது எதை மறைத்துக்கொண்டு தெரியும் என்பதை நீங்கள் நின்ற இடம் தீர்மானிக்கிறது. அங்கிருந்து தெரிவதில் எவ்வளவை வெட்டி எடுப்பது என்பது மட்டும்தான் லென்ஸின் வேலை. டெல்டாவில் இது இன்னும் முக்கியம். ஏறி நின்று பார்க்க இங்கே மலை கிடையாது. வரப்பு, ஆற்றங்கரை, மதகு, பாலம், அவ்வளவுதான் நமக்குக் கிடைக்கும் உயரம். தட்டையான நிலத்தில் ஒரு முழம் மேலே ஏறினாலும் படம் வேறாகிவிடும்.

முதல் படி: கையில் இருப்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்

பெரும்பாலானோர் கையில் இருப்பது கேமராவோடு வந்த 18–55 மி.மீ. கிட் லென்ஸ். இந்த மி.மீ. எண் கூடக்கூடப் படத்தில் வரும் பரப்பு குறுகும், பொருள் பெரிதாகத் தெரியும். அதோடு சிலரிடம் 50 மி.மீ. எஃப் 1.8 பிரைம் லென்ஸ், அதாவது ஜூம் இல்லாத லென்ஸ், இருக்கும். இந்த வழிகாட்டிக்கு இது போதும். நுழைவுநிலை கேமராக்களில் பெரும்பாலும் ஏபிஎஸ்-சி என்ற சிறிய அளவு சென்சார்தான் (படம் பதியும் சில்லு). 35 மி.மீ. ஃபிலிம் அளவுள்ள ஃபுல் ஃபிரேம் சென்சாரோடு ஒப்பிட்டால் அதில் தெரியும் பரப்பு குறுகலாக இருக்கும். கேனானில் 1.6, நிக்கான், சோனி, ஃபியூஜியில் 1.5 என்று பெருக்கிப் பார்க்க வேண்டும். அதாவது ஏபிஎஸ்-சியில் போட்ட 50 மி.மீ. லென்ஸ், ஃபுல் ஃபிரேமில் 75 அல்லது 80 மி.மீ. லென்ஸ் காட்டும் அளவைத்தான் காட்டும்.

லென்ஸுக்குள் வெளிச்சம் நுழையும் துளைதான் அப்பர்ச்சர். துளை பெரிதானால் அதன் எஃப் எண் சிறிதாகும். இது ஏன் தலைகீழாக இருக்கிறது என்று புதிதாக வருபவர்கள் எல்லாரும் கேட்பார்கள். லென்ஸின் மி.மீ. அளவைத் துளையின் விட்டத்தால் வகுத்தால் வருவதே அந்த எண். 50 மி.மீ. லென்ஸில் எஃப் 1.8 என்றால் துளையின் விட்டம் சுமார் 28 மி.மீ. எஃப் 8 என்றால் 6 மி.மீ. சொச்சம். 2, 2.8, 4, 5.6, 8, 11 என்று ஒவ்வொரு படி ஏறும்போதும் உள்ளே வரும் வெளிச்சம் பாதியாகும்.

மொபைலில் எடுப்பவர்களும் இந்தப் பயிற்சிகளைச் செய்யலாம். விரலால் இழுக்கும் ஜூம் பெரும்பாலும் படத்தை வெட்டிப் பெரிதாக்குவதுதான் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 2 மடங்கு, 3 மடங்கு என்று தனி லென்ஸ் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள்.

இரண்டாம் படி: வரப்பில் ஒரு பரிசோதனை

இதைப் படித்தால் புரியாது, செய்து பார்க்க வேண்டும். வயலுக்கு அப்பால் ஊர்க் கோபுரம் தெரியும் ஒரு வரப்பைத் தேர்ந்தெடுங்கள். நண்பரைக் கோபுரத்துக்கு முதுகு காட்டி நிற்க வையுங்கள். நீங்கள் 2 மீட்டர் தள்ளி நின்று 18 மி.மீட்டரில் ஒரு படம் எடுங்கள். அப்புறம் பின்னாலேயே நடந்து 6 மீட்டருக்குப் போய், 55 மி.மீட்டருக்கு ஜூம் செய்து இன்னொன்று எடுங்கள்.

இரண்டு படத்திலும் நண்பர் ஏறக்குறைய ஒரே அளவில் இருப்பார். பின்னால் இருக்கும் கோபுரம் மட்டும் இரண்டாவது படத்தில் மூன்று மடங்கு பெரிதாகத் தெரியும். முதல் படத்தில் அது அவர் காதோரத்தில் ஒரு பொம்மை மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். இதைத்தான் "டெலி லென்ஸ் (தொலைவில் இருப்பதைப் பெரிதாகக் காட்டும் லென்ஸ்) பின்னணியை இழுத்துக்கொண்டு வரும்" என்று சொல்வார்கள். உண்மையில் இழுத்தது லென்ஸ் அல்ல, நீங்கள் பின்னால் எடுத்து வைத்த நான்கு மீட்டர்.

நம்பிக்கை வரவில்லை என்றால் மூன்றாவதாக ஒன்று எடுங்கள். அதே 6 மீட்டரில் நின்று 18 மி.மீட்டரில் எடுத்து, வீட்டுக்குப் போய் நடுவில் இருப்பதை மட்டும் வெட்டிப் பெரிதாக்குங்கள். தெளிவு குறைந்திருக்கும். ஆனால் நண்பருக்கும் கோபுரத்துக்கும் உள்ள அளவு விகிதம் 55 மி.மீ. படத்தில் இருந்தது போலவே இருக்கும்.

எங்கள் குழுவுக்குப் புதிதாக வருகிறவருக்கு முதல் வாரம் இதை மட்டும்தான் கொடுப்போம். முகத்தை மிக அருகில் போய் எடுத்தால் மூக்கு பெரிதாகத் தெரிவதற்கும் இதே தூரக் கணக்குதான் காரணம். ஒன்றரை, இரண்டு மீட்டர் தள்ளி நில்லுங்கள், முகம் தன் வடிவத்துக்கு வந்துவிடும்.

மூன்றாம் படி: பெரிய கோயிலை நிமிர்ந்து நிற்க வைப்பது

டெல்டாவில் கேமரா வாங்கியவர் எவரும் எடுக்கும் முதல் பத்துப் படங்களுக்குள் தஞ்சைப் பெரிய கோயில் வந்துவிடும். ராஜராஜ சோழன் 1010இல் கட்டி முடித்த அந்த விமானம் கிட்டத்தட்ட 216 அடி, அதாவது 66 மீட்டர். பக்கத்தில் போய் கேமராவை அண்ணாந்து பிடித்தால் விமானம் பின்பக்கமாகச் சாய்ந்து விழுவது போல வரும். இதை லென்ஸின் கோளாறு என்று பலர் நினைக்கிறார்கள். கேமராவை மேல்நோக்கிச் சாய்த்ததால் வருவது அது.

கேமராவைச் சாய்க்காமல் நேராகப் பிடித்தால் கோடுகள் நேராக நிற்கும். அப்படிப் பிடித்து முழு விமானமும் வர எவ்வளவு தூரம் போக வேண்டும்? ஏபிஎஸ்-சியில் 18 மி.மீட்டரை நெடுக்குவாட்டில் பிடித்தால், ஒவ்வொரு 10 மீட்டர் தூரத்துக்கும் கண் மட்டத்துக்கு மேலே ஆறரை மீட்டர் உயரம் படத்துக்குள் வரும். ஆக 66 மீட்டர் விமானத்துக்கு ஏறக்குறைய 100 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். உள் கோபுரத்தைக் கடந்ததும் அவசரப்பட்டு முன்னால் ஓடாமல், அந்தப் பக்கத்திலேயே நந்தி மண்டபத்துக்குப் பக்கவாட்டில் இடம் பார்க்கச் சொல்வது இதனால்தான். படத்தின் கீழ்ப்பாதி வெறும் தரையாக வரும். அதைப் பிறகு வெட்டிவிடலாம். இல்லையென்றால் அந்தத் தரையை நிரப்ப நடந்து போகும் ஒரு குடும்பத்துக்காகக் காத்திருக்கலாம். நான் இரண்டாவதைத்தான் செய்வேன். மனிதர்கள் கீழே நடந்தால்தான் விமானத்தின் உயரம் பார்ப்பவருக்கு உறைக்கும்.

அண்ணாந்து எடுப்பது தப்பில்லை. எடுத்தால் முழுசாக, அடியில் போய் நின்று, வேண்டுமென்றே எடுத்தது தெரியும்படி எடுங்கள். அரைகுறைச் சாய்வுதான் கண்ணை உறுத்தும். மென்பொருளில் நிமிர்த்தப்போகிறீர்கள் என்றால் விமானத்தின் இரு பக்கமும் தாராளமாக இடம் விட்டு எடுங்கள், நிமிர்த்தும்போது ஓரங்கள் வெட்டுப்படும்.

கோயில் கிழக்கு பார்த்தது. காலையில் வெயில் முகப்பில் விழும். மாலையில் முகப்புப் பக்கம் நின்றால் விமானத்துக்குப் பின்னால் சூரியன், கறுப்பு வடிவம்தான் கிடைக்கும். மாலையில் போனால் பிராகாரத்தைச் சுற்றி மேற்குப் பக்கம் போய்விடுங்கள், கருங்கல் செம்பழுப்பாக மாறும். தொல்லியல் துறைப் பராமரிப்பில் உள்ள கோயில் என்பதால் கேமரா முக்காலி (டிரைபாட்) வைக்க முன் அனுமதி வேண்டும், கருவறையில் படம் எடுக்கக் கூடாது.

நான்காம் படி: தாராசுரத்தில் உட்கார்ந்து பழகுவது

பெரிய கோயிலில் பின்னால் போகக் கற்றோம். தாராசுரத்தில் கிட்டே போகக் கற்க வேண்டும். இரண்டாம் ராஜராஜன் 12ஆம் நூற்றாண்டில் கட்டிய ஐராவதேசுவரர் கோயிலில் நாயன்மார் கதைகளைச் சொல்லும் சின்னச் சின்னச் சிற்பங்கள் வரிசையாக இருக்கின்றன. காளையும் யானையும் ஒரே தலையைப் பகிர்ந்துகொள்ளும் ரிஷப குஞ்சரமும் இங்கேதான். இவற்றுக்கு 50 மி.மீ. லென்ஸை எடுக்காதீர்கள். அது பெரும்பாலும் 35 முதல் 45 செ.மீ. வரைதான் அருகில் போக விடும். பல கிட் லென்ஸ்கள் 25 செ.மீ. வரை விடும். விலை குறைந்தது என்று நாம் ஒதுக்கி வைக்கும் கிட் லென்ஸ் ஜெயிக்கும் இடம் இது.

55 மி.மீட்டரில் வைத்து, கேமராவின் முதுகு சுவருக்கு இணையாக இருக்கும்படி பிடியுங்கள். சிற்பங்கள் அடித்தளத்தில் இருந்தால் தரையில் உட்கார்ந்துவிடுங்கள். இணையாகப் பிடித்தால் சிற்பத்தின் நான்கு மூலையும் ஒரே தூரத்தில் இருக்கும், எஃப் 8 போதும். சாய்வாகப் பிடித்துவிட்டு எஃப் 22 வரை போவதில் பயனில்லை. துளை அவ்வளவு சிறிதானால் ஒளி விளிம்பில் சிதறி, படம் முழுக்க ஒரு மந்தம் வந்துவிடும். வெயில் சுவரை ஒட்டிச் சாய்வாக விழும் நேரமாகப் பாருங்கள். நேரே அடிக்கும் வெயிலில் செதுக்கலின் ஆழம் தெரியாது.

ஐந்தாம் படி: நடவு வயல்

மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12இல் திறந்தால், கல்லணை வழியாகத் தண்ணீர் பிரிந்து வந்து குறுவை நடவு தொடங்கும். தண்ணீர் நிறைந்து, நாற்று இன்னும் பிடிக்காத அந்தச் சில நாட்கள் வயல் முழுக்க வானம்தான். எனக்கு ஆண்டிலேயே பிடித்த நாட்கள் அவை.

முன்னால் கிடக்கும் நாற்றுமுடியும் வேண்டும், தொலைவில் தெரியும் தென்னந்தோப்பும் வேண்டும். எங்கே ஃபோகஸ் செய்வது? ஏபிஎஸ்-சியில் 18 மி.மீ., எஃப் 8 என்றால் சுமார் 2 மீட்டரில் ஃபோகஸ் செய்யுங்கள். 1 மீட்டரிலிருந்து அடிவானம் வரை தெளிவாக இருக்கும். அதே எஃப் 8இல் 55 மி.மீட்டருக்கு ஜூம் செய்துவிட்டால் ஃபோகஸ் செய்ய வேண்டிய தூரம் 19 மீட்டராகிவிடும், ஒன்பதரை மீட்டருக்கு இந்தப் பக்கம் இருப்பதெல்லாம் மங்கும். முன்னால் இருப்பதும் வேண்டுமென்றால் ஜூம் செய்யாமல் நடந்து போங்கள்.

போலரைசர் ஃபில்டர் வைத்திருப்பவர்கள் இந்த வயலில் அதைத் திருப்பிப் பார்க்க வேண்டும். ஒரு நிலையில் தண்ணீர்ப் பளபளப்பு மறைந்து, அடியில் இருக்கும் சேறும் நாற்றின் வேரும் தெரியும். இன்னொரு நிலையில் வானம் திரும்பி வந்துவிடும். கண்ணால் பார்த்து முடிவு செய்யுங்கள். மேகம் வயலில் தெரிய வேண்டுமென்றால் ஃபில்டரைக் கழற்றிவிடுவது நல்லது. அது ஒன்றரை, இரண்டு படி வெளிச்சத்தைத் தின்றுவிடும்.

நடவு செய்பவர்களைக் கேட்காமல் எடுக்காதீர்கள். வலங்கைமான் பக்கம் ஒரு வயலில், "அம்மா, ஒரு படம் எடுத்துக்கலாமா?" என்று கேட்டேன். நிமிராமலேயே பதில் வந்தது: "எடுத்துக்க தம்பி. வரப்புலயே நின்னு எடு, நாத்த மிதிச்சிடாத." வரப்பில் நிற்பது என்று ஆகிவிட்டதும் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். அவர்கள் கைகள் நீர்மட்டத்துக்கு அருகில், கண்ணுக்கு நேராக வந்தன. விரல் நாற்றைச் சேற்றில் ஊன்றி வெளியே வரும்போது தண்ணீரில் ஒரு சின்னக் குழி விழுந்து உடனே மூடிக்கொள்கிறது. ஷட்டர் 1/500 நொடி மட்டும் திறந்தபோதுதான் அந்தக் குழி படத்தில் நின்றது, 1/60 நொடியில் கையே கலங்கிவிட்டது.

ஷட்டருக்கு ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். லென்ஸ் அளவை 1.5ஆல் பெருக்கி, ஒரு நொடியில் ஏறக்குறைய அத்தனையில் ஒரு பங்கைவிட மெதுவாகப் போகாமல் பார்த்துக்கொண்டால் கை நடுக்கம் தெரியாது. 55 மி.மீட்டருக்கு 1/80, 200 மி.மீட்டருக்கு 1/300. லென்ஸில் இருக்கும் ஸ்டெபிலைசர் உங்கள் கை நடுக்கத்தை மட்டும்தான் பார்த்துக்கொள்ளும். எதிரில் இருப்பவர் அசைவது அதன் பொறுப்பில் இல்லை.

ஆறாம் படி: வெள்ளைக் கொக்கு, பச்சை வயல்

சேற்றுழவு ஓட்டும் டிராக்டருக்குப் பின்னால் கொக்குகள் ஐம்பது, அறுபது என்று கூட்டமாக வரும். கேமராவின் அளவீடு சுற்றியுள்ள கறுத்த சேற்றைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும், கொக்கு இறகு இல்லாத வெள்ளைக் காகிதமாகிவிடும். படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் ஈடுசெய்தலை மைனஸ் 0.7 அல்லது மைனஸ் 1இல் வையுங்கள். திரையில் வெளுத்த இடம் மினுக்கும் வசதியை இயக்கி, இறகு மினுக்காத அளவுக்குக் குறைத்துக்கொண்டே வாருங்கள்.

பறக்கும் பறவைக்கு, நகரும் பொருளை விடாமல் பின்தொடரும் தொடர் ஃபோகஸும் 1/1600 அல்லது அதற்கு மேலான ஷட்டரும் வேண்டும். வடுவூர் ஏரியிலும் கோடியக்கரையிலும் 300 மி.மீ. இருந்தாலும் போதவில்லை என்று தோன்றும். ஆனால் கோடியக்கரையில் பூநாரைகள் தெளிவாக வரவில்லை என்று வருத்தப்படுபவர்களில் பலருக்குப் பிரச்சினை லென்ஸ் இல்லை. வெயில் ஏறியதும் ஈரநிலத்துக்கும் உப்பளத்துக்கும் மேலே காற்று கொதிக்கிற மாதிரி ஆடும். அரை கிலோமீட்டர் தூரத்துக் காற்றை எந்த விலை உயர்ந்த லென்ஸும் நேராக்காது. சூரியன் எழுந்த முதல் ஒன்றரை மணி நேரத்துக்குள் எடுத்துவிடுங்கள்.

ஏழாம் படி: சுவாமிமலைப் பட்டறை

மெழுகில் உருவம் செய்து, காவிரி வண்டல் மண்ணைப் பூசி, சுட்டு மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த இடத்தில் உலோகம் வார்ப்பது சுவாமிமலை ஸ்தபதிகளின் முறை. பட்டறைக்குள் பெரும்பாலும் வாசல் வெளிச்சம் மட்டும்தான். இங்கே 50 மி.மீ. எஃப் 1.8 கைகொடுக்கும். ஆனால் துளையை முழுசாகத் திறந்து வைத்துத்தான் எல்லாரும் ஏமாறுகிறோம்.

ஏபிஎஸ்-சியில் ஒன்றரை மீட்டர் தூரத்தில் எஃப் 1.8 வைத்தால் தெளிவாக வரும் ஆழம் ஆறரை செ.மீ. எஃப் 2.8இல் 10 செ.மீ. எஃப் 4இல் 14 செ.மீ. சிலையின் முகத்தில் உளி வைத்துச் சீவும் ஸ்தபதியை எடுக்கிறீர்கள். உளி முனைக்கும் அவர் கண்ணுக்கும் இடையே ஒரு முழத்துக்குக் குறையாது. எதிரே நின்றால் இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும். பக்கவாட்டுக்கு நகருங்கள். உளி, கை, முகம் மூன்றும் உங்களிடமிருந்து ஒரே தூரத்துக்கு வரும் இடம் ஒன்று இருக்கும். அங்கே நின்றால் எஃப் 2.8இலேயே மூன்றும் தெளியும். ஒற்றைப் புள்ளி ஃபோகஸை உளி முனையில் வையுங்கள், ஷட்டர் 1/125, ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்குக் கேமரா காட்டும் உணர்திறன்) 1600. அதனால் படத்தில் புள்ளி புள்ளியாகக் குருணை வந்தால் வரட்டும், கலங்கிய கையைவிட அது மேல். ஃபிளாஷ் வேண்டாம், பளபளக்கும் உலோகத்தில் வெள்ளைத் திட்டு விழும், வேலை செய்பவர் கண்ணும் கூசும்.

லென்ஸைக் காப்பாற்றுவது

என்னுடைய ஒரு பழைய லென்ஸ் ஐப்பசி, கார்த்திகை மழை முழுக்கத் தோல் உறையில் பீரோவுக்குள் இருந்தது. தையில் எடுத்துப் பார்த்தபோது உள்கண்ணாடியில் சிலந்தி நூல் மாதிரி பூஞ்சை. வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் மரம் கிளைவிட்டது போலத் தெரியும். இப்போதும் அதை நினைத்தால் மனசு கனக்கும், என் அப்பா வாங்கித் தந்தது. தோல் உறை ஈரத்தைப் பிடித்து வைக்கும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், நூறு இருநூறு ரூபாயில் ஒரு ஈரப்பதமானி, இவ்வளவு போதும். 40 முதல் 50 சதவீதத்துக்குள் வைத்திருங்கள். வாரம் ஒருமுறை வெளியே எடுத்துப் பயன்படுத்துங்கள்.

ஏசி அறையிலிருந்து நேராக வெளியே எடுத்தால் கண்ணாடியில் ஆவி படியும். பைக்குள்ளேயே அரை மணி நேரம் வைத்துவிட்டு எடுங்கள். அறுவடை இயந்திரம் ஓடும் இடத்தில் லென்ஸ் மாற்றாதீர்கள். மாற்றியே ஆக வேண்டுமென்றால் காற்றுக்கு முதுகு காட்டி, கேமராவின் வாயைக் கீழ்நோக்கிப் பிடியுங்கள். கடற்கரைப் பக்கம் போய் வந்தால் அன்றைக்கே லேசாக ஈரமான துணியால் வெளிப்புறத்தைத் துடைத்துவிடுங்கள். விளக்கெண்ணெய் பட்ட விரலோடு முன்கண்ணாடியைத் தொடுவது கோயிலில் சாதாரணமாக நடக்கும். வேட்டி நுனியால் துடைக்க வேண்டாம், ஊதுகுழலால் தூசியைத் தட்டிவிட்டு மைக்ரோஃபைபர் துணி.

படத்தைக் காட்டுவதும் பேசுவதும்

எங்கள் பெஞ்சில் இப்போது ஒரு வழக்கம் இருக்கிறது. ஒருவர் ஒரு ஞாயிற்றுக்கு மூன்று படம்தான் காட்டலாம். காட்டும்போது நின்ற இடம், தூரம், லென்ஸ் அளவு, அப்பர்ச்சர், ஷட்டர் இவற்றோடு, எதைக் காட்ட நினைத்தார் என்பதையும் ஒரு வரியில் சொல்ல வேண்டும். பார்ப்பவர் முதலில் தன் கண் எங்கே போனது என்று சொல்வார். இரண்டும் பொருந்தவில்லை என்றால்தான் பேச்சு ஆரம்பிக்கும். பாத்திரக்கடைக்காரர் காட்டிய ஒரு படத்தில் எல்லார் கண்ணும் பின்னால் இருந்த நீலத் தார்ப்பாயில் போய் நின்றது. அவர் எடுத்ததோ அரசலாற்றில் வலை வீசும் ஒருவரை. "இடது பக்கம் ரெண்டடி நகந்திருந்தா தார்ப்பாய் மரத்துக்குப் பின்னாடி போயிருக்கும்" என்றான் கல்லூரிப் பையன். அடுத்த வாரம் அதே நேரத்துக்கு அதே கரைக்கு அவர் போனார். தார்ப்பாய் மறைந்த படத்தோடு வந்தார்.

வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது படமாக அனுப்பினால் அது சுருங்கிவிடும், அமைப்பு விவரங்களும் போய்விடும். டாக்குமெண்ட்டாக அனுப்புங்கள், எந்த லென்ஸ், எந்த ஷட்டர் என்ற விவரமெல்லாம் கூடவே வரும். மொபைலில் எடுத்திருந்தால் எடுத்த இடத்தின் வரைபடக் குறியும் கூடவே போகலாம். ஒருவர் வீட்டுக்குள் எடுத்தது, பறவைக் கூடு உள்ள மரம், இந்த மாதிரிப் படங்களில் இடத் தகவலை நீக்கிவிட்டு அனுப்புங்கள். கூட்டில் குஞ்சு இருக்கும் காலமென்றால் ஊர்ப் பெயரையும் எழுத வேண்டாம்.